பாதுகாப்பு ஆணை: பள்ளி வாசல் வரை வரும் சட்டம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். மாதவரத்தில் நான் பணியாற்றும் பள்ளிக்கு, ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் வந்தார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

“டீச்சர், பாப்பாவுக்கு டி.சி. கொடுத்துடுங்க. ஊருக்கே போயிடறோம்” என்றார். முந்தானையால் முகத்தைப் பாதி மறைத்திருந்தார். இடது கண்ணுக்குக் கீழே வீங்கி நீலம் பாரித்திருந்தது. நான் கேட்காமலே அழத் தொடங்கினார்.

“போலீஸ்ல சொல்லுங்கம்மா” என்றேன்.

“அவரு உள்ள போயிட்டா வாடகையை யாரு டீச்சர் கட்டுறது? பசங்களுக்கு யாரு சோறு போடுவா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. “அப்போ பிள்ளைக்காகக் கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க. முழுப் பரீட்சை முடியிற வரைக்குமாவது பொறுத்துக்குங்க” என்று சொல்லி அனுப்பினேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. மாற்றுச் சான்றிதழை வாங்க யாரும் வரவேயில்லை.

நான் சொன்ன இரண்டு பதில்களும் போதாதவை என்பது பின்னர்தான் எனக்குப் புரிந்தது. கணவரைச் சிறைக்கு அனுப்புவது ஒரு வழி, அடியைப் பொறுத்துக்கொள்வது இன்னொரு வழி, இரண்டைத் தவிர வேறில்லை என்று அந்தத் தாய் நினைத்தார். பி.எட். படித்த நானும் அப்படியேதான் நினைத்தேன். நடுவே மூன்றாவது வழி ஒன்று 2006 முதலே இருக்கிறது. அதன் பெயர் பாதுகாப்பு ஆணை. அதைப் பெறும் முறையையும், அதில் நம் பள்ளிக்குள்ள பங்கையும் சக ஆசிரியர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் ஏன் அறிந்திருக்க வேண்டும்?

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் எப்போதாவது கணவரால் வன்முறைக்கு உள்ளானதாகக் கூறியுள்ளனர். இந்த விழுக்காட்டை அப்படியே ஒவ்வொரு வகுப்புக்கும் பொருத்த முடியாது. ஆனாலும் 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இத்தகைய வீடு ஒன்றுகூட இல்லை என்று நம்மில் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மாதவரம், மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பலரின் குடும்பங்கள் பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்தவை. லாரி ஓட்டுநர், கன்டெய்னர் முனையத் தொழிலாளி, ஆலை ஒப்பந்தத் தொழிலாளி, கட்டட வேலை செய்பவர் எனப் பலர். அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தாய்வீடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அக்கம்பக்கத்தில் பேச்சுத் துணை இருக்காது. அவர் தயக்கமின்றி நுழையக்கூடிய ஒரே அரசு நிறுவனம் பிள்ளையின் பள்ளிதான். வீட்டில் நடப்பதை வெளியாள் ஒருவரிடம் முதன்முதலாகச் சொல்வதும் பெரும்பாலும் வகுப்பாசிரியரிடம்தான். அந்த நேரத்தில் நாம் சொல்லும் ஒரு வார்த்தை அவருடைய அடுத்த அடியைத் தீர்மானித்துவிடுகிறது.

இது தண்டனை வழக்கு அன்று

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. இச்சட்டத்தின் கீழ் நிவாரணம் கேட்டு மனு செய்வது உரிமையியல் தன்மை கொண்டது. மனு போட்டதும் யாரும் கைது செய்யப்படுவதில்லை. எதிர்த்தரப்பினர் குற்றவாளிக் கூண்டில் ஏறுவதில்லை. “இனி அடிக்கக் கூடாது, தொந்தரவு செய்யக் கூடாது, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது, குடும்பச் செலவுக்குப் பணம் தர வேண்டும்” என்று நீதிமன்றம் ஆணையிடுகிறது. அந்த ஆணையை மீறினால்தான் அது குற்றமாகிறது.

2021 ஜனவரி 18 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் என்.ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. குற்றவியல் நடுவர் முன் நடந்தாலும் இந்நடவடிக்கை உரிமையியல் சார்ந்தது என்றும், எதிர்த்தரப்பினரைக் குற்றம் சாட்டப்பட்டவர்போல் நடத்தக் கூடாது என்றும், அவர்களுக்கு அனுப்ப வேண்டியது குற்ற வழக்குக்குரிய அழைப்பாணை அன்று, விதிகளில் உள்ள அறிவிப்பே என்றும் அத்தீர்ப்பு கூறியது.

“அவரு உள்ள போயிட்டா…” என்று தயங்கிய அந்தத் தாய்க்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுவே. நம் மாநிலத்தில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கப்பட்டது. அதனால் மகளிர் காவல் நிலையத்தைப் பற்றி எல்லாத் தாய்மார்களுக்கும் தெரியும். நடுவரிடம் நேரே மனு கொடுத்துப் பாதுகாப்புக் கேட்கலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாது. இரண்டையும் ஒருசேரச் செய்யவும் தடையில்லை. கணவரின் கொடுமைக்கெனத் தனியே உள்ள குற்றப்பிரிவு அப்படியே இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 498ஏ என்றிருந்த அது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவாக உள்ளது.

யார் கேட்கலாம், யாருக்கு எதிராக?

இச்சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவர் என்பவர் ஒரு பெண். மனைவி மட்டுமல்லர், தாய், சகோதரி, மகள், விதவை, திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்த பெண் ஆகிய எல்லாரும் கேட்கலாம். எதிர்த்தரப்பினருடன் ஒரே குடும்பமாக ஒரு வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும், அவ்வளவே. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் சார்பில் தாய் மனு செய்யலாம். பதிவுத் திருமணம் நடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

எதிர்மனுதாரர் வயது வந்த ஆணாக இருக்க வேண்டும் என்று முதலில் சட்டத்தில் இருந்தது. 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அச்சொற்களை நீக்கிவிட்டது. ஆகவே மாமியார், நாத்தனார் மீதும் மனு செய்யலாம்.

அடிப்பது மட்டும் வன்முறை அன்று. சட்டத்தின் 3ஆம் பிரிவு நான்கு வகைகளைச் சொல்கிறது: உடல் வன்முறை, பாலியல் வன்முறை, சொல்லாலும் மனத்தாலும் செய்யும் வன்முறை, பொருளாதார வன்முறை. குழந்தை இல்லை என்றோ, ஆண் குழந்தை இல்லை என்றோ இழிவாகப் பேசுவது மூன்றாவது வகை. வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, அவர் சம்பாதித்ததைப் பிடுங்கிக்கொள்வது, நகையை அடகு வைத்துத் தீர்ப்பது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது ஆகியவை நான்காவது வகை. “அடிக்கிறது இல்ல டீச்சர், ஆனா ஒரு ரூபா கையில தர்றதில்ல” என்று சொல்லும் தாய்க்கும் இச்சட்டத்தில் இடமுண்டு.

என்னென்ன கேட்கலாம்?

ஒரே மனுவில் பல நிவாரணங்களைக் கேட்க முடியும் என்பது இச்சட்டத்தின் சிறப்பு.

பாதுகாப்பு ஆணை (பிரிவு 18): வன்முறை செய்யக் கூடாது, பிறரை வைத்தும் செய்யக் கூடாது, பணியிடத்துக்கு வரக் கூடாது, நேரிலோ தொலைபேசியிலோ தொடர்பு கொள்ளக் கூடாது, கூட்டாக வைத்துள்ள சொத்தையும் வங்கிக் கணக்கையும் தன்னிச்சையாகத் தொடக் கூடாது என்று நடுவர் தடை விதிக்கலாம்.

குடியிருப்பு ஆணை (பிரிவு 19): சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து அவரை வெளியேற்றத் தடை விதிக்கலாம். தேவையானால் கணவரையே வெளியேறச் சொல்லலாம். அல்லது அதே அளவு வசதியுள்ள வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்கச் சொல்லலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறதே என்ற தயக்கம் வேண்டாம். சேர்ந்து வாழ்ந்த வீடு கணவரின் உறவினருக்குச் சொந்தமானதாக இருந்தாலும் குடியிருப்பு உரிமை கோரலாம் என்று 2020 அக்டோபர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

பண நிவாரணம் (பிரிவு 20): பராமரிப்புத் தொகை, மருத்துவச் செலவு, இழந்த வருமானம் ஆகியவற்றைக் கேட்கலாம். பணம் தராவிட்டால், எதிர்மனுதாரர் வேலை செய்யும் நிறுவனமே அவர் சம்பளத்திலிருந்து நேரடியாகச் செலுத்தும்படியும் நடுவர் ஆணையிடலாம். ஆலையிலும் துறைமுகத்திலும் மாதச் சம்பளம் வாங்குவோர் உள்ள நம் பகுதியில் இது மிகவும் பயன்படக்கூடியது.

குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு (பிரிவு 21), பட்ட துன்பத்துக்கான இழப்பீடு (பிரிவு 22) ஆகியவற்றையும் இதே மனுவில் கேட்கலாம்.

மனு செய்யும் வழி

முதல் படி, தகவல் கொடுப்பது. ஒவ்வொரு மாவட்டத்திலும் சமூக நலத் துறையின் கீழ்ப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். சென்னை மாவட்டச் சமூக நல அலுவலகம் இராஜாஜி சாலையில், ஆட்சியர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகையில் உள்ளது. நேரில் போக முடியாதவர்கள் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். அரசின் ஒருங்கிணைந்த சேவை மையம், பதிவு பெற்ற சேவை நிறுவனங்கள் வழியாகவும் செல்லலாம். உடனடி ஆபத்து என்றால் 112 அல்லது 100.

இரண்டாவது படி, குடும்ப நிகழ்வு அறிக்கை. பாதிக்கப்பட்ட பெண் சொல்வதைக் கேட்டுப் பாதுகாப்பு அலுவலர் படிவம் 1இல் இந்த அறிக்கையைத் தயாரித்து நடுவருக்கு அனுப்புவார். காயம் இருந்தால் மருத்துவப் பரிசோதனைக்கும், போக இடமில்லை என்றால் தங்கும் விடுதிக்கும் ஏற்பாடு செய்வது அவர் கடமை. பாதுகாப்பு அலுவலரை அணுகாமல் நேரே நீதிமன்றம் சென்றாலும் மனு செல்லும். இந்த அறிக்கை இல்லை என்பதற்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

மூன்றாவது படி, மனு. 12ஆம் பிரிவின்படி நடுவரிடம் கொடுக்க வேண்டிய மனுவுக்கு 2006ஆம் ஆண்டு விதிகளில் படிவம் 2 தரப்பட்டுள்ளது. எந்தெந்த நிவாரணம் தேவை என்று குறிக்கும் வகையில் அது அமைந்திருக்கிறது. உடனடிப் பாதுகாப்பு வேண்டுமென்றால் படிவம் 3இல் உள்ளபடி ஒரு உறுதிமொழி வாக்குமூலத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதை அடிப்படையாகக் கொண்டு, எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே நடுவர் இடைக்கால ஆணை பிறப்பிக்க 23ஆம் பிரிவு இடம் தருகிறது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தரப்படுவார். தொலைபேசி எண் 15100. மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது. மாதவரத்திலிருந்து பாரிமுனைக்குப் பேருந்து ஏறினால், ஆட்சியர் அலுவலகமும் உயர் நீதிமன்றமும் நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கின்றன.

நான்காவது படி, விசாரணை. மனு பெற்ற நாளிலிருந்து சாதாரணமாக 3 நாட்களுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும், முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இது நீள்வதுண்டு. அதனால்தான் இடைக்கால ஆணையை மனுவோடு சேர்த்தே கேட்க வேண்டும். பலர் முன்னிலையில் பேசக் கூச்சப்படுபவர் மூடிய அறையில் விசாரிக்கும்படி கேட்கலாம்.

எந்த நீதிமன்றம்?

மாதவரம் வட்டம் முன்பு திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. 2018இல்தான் சென்னை மாவட்டத்துடன் இணைந்தது. பழைய அட்டைகளில் இன்னும் திருவள்ளூர் என்றே இருக்கும். நீதிமன்ற எல்லையோ வருவாய் மாவட்ட எல்லையோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. இதனால் “எந்தக் கோர்ட்டுக்குப் போறது?” என்ற கேள்வியிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள்.

27ஆம் பிரிவு இதை எளிதாக்குகிறது. பாதிக்கப்பட்ட பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்கும் இடம், அவர் வேலை செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், சம்பவம் நடந்த இடம் ஆகிய இவற்றில் எந்த இடத்துக்குரிய நடுவர் நீதிமன்றத்திலும் மனு செய்யலாம். மாதவரத்தில் அடிபட்டு விழுப்புரத்தில் தாய்வீட்டுக்குப் போய்விட்டவர் அங்கிருந்தே மனு செய்யலாம். ஆணை இந்தியா முழுவதும் செல்லும். நம் தெருவுக்குரிய நீதிமன்றம் எது என்பதைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

எவற்றை எடுத்துவைக்க வேண்டும்?

திருமணப் பத்திரிகை அல்லது புகைப்படம், குடும்ப அட்டை, ஆதார் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, மருத்துவமனைச் சீட்டு, காவல் நிலையத்தில் முன்பு கொடுத்த மனுவுக்கான ஒப்புகைச் சீட்டு, வங்கிப் புத்தகம், கைப்பேசியில் வந்த மிரட்டல் செய்திகள், நகை மற்றும் சீர்ப் பொருள்களின் பட்டியல், எதிர்மனுதாரர் வேலை செய்யும் இடமும் சம்பளமும் ஆகியவை உதவும். எந்த நாளில் என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டால் வாக்குமூலம் தெளிவாக அமையும். தேதி நினைவில்லாவிட்டால் “பொங்கலுக்கு மறுநாள்”, “பாப்பா பிறந்த நாளன்று” என்பதுகூடப் போதும்.

காகிதம் எதுவும் கையில் இல்லாமல் கட்டிய சேலையோடு வெளியே வந்தவரும் மனு செய்யலாம். இந்த இடத்தில் பள்ளி உதவ முடியும். பிள்ளை நம்மிடம் படிக்கிறது என்பதற்கான சான்றில் பெற்றோர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்கின்றன. தாய் கேட்டால் அலைக்கழிக்காமல் அன்றே கொடுத்துவிடலாம்.

ஆணை கிடைத்த பிறகு

24ஆம் பிரிவின்படி ஆணையின் நகல் இருதரப்புக்கும், உரிய காவல் நிலையத்துக்கும் இலவசமாகத் தரப்படும். பாதிக்கப்பட்டவர் இனி வேண்டாம் என்று விண்ணப்பிக்கும் வரை பாதுகாப்பு ஆணை நடைமுறையில் இருக்கும். சூழ்நிலை மாறினால், இருதரப்பில் யார் கேட்டாலும் நடுவர் அதை மாற்றவோ நீக்கவோ முடியும். ஆணையில் குறை இருப்பதாகக் கருதுபவர் 30 நாட்களுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

பாதுகாப்பு ஆணையையோ, இடைக்காலப் பாதுகாப்பு ஆணையையோ மீறினால் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.20,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இக்குற்றத்துக்குக் காவல் துறையினர் நேரடியாக வழக்குப் பதியலாம். பிணையும் உரிமையாகக் கிடைக்காது. உரிமையியல் ஆணையாகத் தொடங்கினாலும் அதற்குப் பல் உண்டு என்பதை இது காட்டும்.

பள்ளியின் பங்கு

18ஆம் பிரிவை முதன்முறை முழுமையாகப் படித்தபோது ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். பாதிக்கப்பட்டவர் குழந்தையாக இருந்தால், எதிர்மனுதாரர் அதன் பள்ளிக்குள் நுழையக் கூடாது என்று நடுவர் தடை விதிக்கலாம் என அப்பிரிவு கூறுகிறது. படிவம் 2இலும் பிள்ளைகளின் பள்ளிக்குள் நுழையத் தடை கோரும் இடம் உண்டு. அதாவது இச்சட்டம் நம் பள்ளி வாசலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மனு எழுதும்போது இதைக் கேட்க மறந்துவிடுபவர்கள் உண்டு. தாய்க்கு நாம்தான் நினைவூட்ட வேண்டும்.

அத்தகைய ஆணை வந்தால், நகல் தலைமையாசிரியரிடம் இருக்க வேண்டும். வகுப்பாசிரியர், வாசலில் இருப்பவர் ஆகிய தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டும். தடை விதிக்கப்பட்டவர் வந்தால் வாக்குவாதம் செய்யாமல், பிள்ளையை வகுப்பிலேயே வைத்துக்கொண்டு, 100ஐ அழைத்துத் தாய்க்கும் தகவல் தர வேண்டும்.

ஆணை இல்லாத நிலையில், “உன் அப்பா கெட்டவர், பார்க்கக் கூடாது” என்று முடிவு செய்யும் அதிகாரம் நமக்கில்லை. தந்தை பள்ளிக்கு வந்து மிரட்டுகிறார் என்றால், பிள்ளையின் தற்காலிகப் பொறுப்புக்கும் பள்ளித் தடைக்கும் இடைக்கால ஆணை கேட்கும்படி தாய்க்கு வழிகாட்டுவதே சரியான முறை. பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098ஐ உடனே அழைக்கலாம். பிள்ளையே பாலியல் வன்முறைக்கு உள்ளானதாகத் தெரிந்தால் போக்சோ சட்டத்தின்படி தகவல் தருவது நம் கட்டாயக் கடமை. அங்கே தாயின் விருப்பத்துக்குக் காத்திருக்க முடியாது.

இனி மாற்றுச் சான்றிதழ். தாய் பிள்ளையோடு வேறு ஊருக்குப் போக நேர்ந்தால், “அப்பா கையெழுத்துப் போடட்டும்” என்று நிறுத்திவைப்பது அந்தப் பிள்ளையின் படிப்பையே நிறுத்திவிடும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 5ஆம் பிரிவு, மாற்றுச் சான்றிதழை உடனே வழங்கும்படி தலைமையாசிரியரைப் பணிக்கிறது. அது வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு அன்றே மாற்றிவிட்டால், அடுத்த பள்ளியில் சேர்ப்பதில் சிக்கல் இருக்காது. எமிஸில் பதிவாகியுள்ள கைப்பேசி எண் யாருடையது என்றும் தாயிடம் கேளுங்கள். அது அடிக்கிறவரின் எண்ணாக இருந்தால், நாம் அனுப்பும் ஒரு குறுஞ்செய்தியே அவர் போன இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடலாம்.

ஆசிரியரே தகவல் தரலாமா?

தரலாம். 4ஆம் பிரிவின்படி, குடும்ப வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். வாய்மொழியாகச் சொன்னால் அவர் எழுதிக்கொள்வார். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது. பாதிக்கப்பட்டவருக்கு உதவி செய்பவர் மீது வன்முறை காட்டக் கூடாது என்றும் பாதுகாப்பு ஆணையில் தடை விதிக்கலாம். நமக்கேன் வம்பு என்ற அச்சத்துக்குச் சட்டமே பதில் சொல்லிவிடுகிறது.

ஆனால் தாயைக் கேட்காமல் தகவல் தந்துவிடக் கூடாது. எப்போது வெளியேறினால் ஆபத்துக் குறைவு, கணவர் எந்த ‘ஷிப்ட்’டில் வீட்டில் இருப்பார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். உயிருக்கு ஆபத்தான நிலை ஒன்றே இதற்கு விலக்கு.

வேறு சிலவற்றையும் தவிர்க்க வேண்டும். கணவரைப் பள்ளிக்கு அழைத்துச் சமரசம் பேசக் கூடாது. அன்று தலையாட்டிவிட்டுப் போகிறவர், புகார் சொன்னதற்காக இரவில் மீண்டும் அடிக்கக்கூடும். வீட்டில் நடப்பதைப் பிள்ளையிடம் துருவித் துருவிக் கேட்கக் கூடாது. ஆசிரியர் அறையிலும் புலனக் குழுவிலும் இதைப் பேசக் கூடாது. “எல்லாம் சரியாகிவிடும்” என்று வாக்குறுதி தரவும் கூடாது. நாம் தர வேண்டியது மூன்றே: நம்பிக் கேட்கும் காது, சரியான எண்கள், கேட்ட அன்றே கொடுக்கும் சான்று.

பள்ளியில் செய்யக்கூடியது

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெரும்பாலும் தாய்மார்களே வருகிறார்கள். அதில் 15 நிமிடம் ஒதுக்கி, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் ஒருவரைப் பேச அழைக்கலாம். 181, 15100, 1098, 112 ஆகிய நான்கு எண்களையும் தாய்மார்கள் மட்டும் பார்க்கக்கூடிய இடத்தில் ஒட்டி வைக்கலாம். பிள்ளைகளின் கைவழியே வீட்டுக்குத் துண்டுச் சீட்டு அனுப்ப வேண்டாம், அது யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. ஆண் ஆசிரியர்கள் மட்டுமே உள்ள பள்ளிகளில், தாய்மார்கள் தயங்காமல் பேசக்கூடிய சத்துணவுப் பணியாளர் ஒருவருக்கும் இவ்வெண்களைச் சொல்லி வைக்கலாம்.

சென்ற கல்வியாண்டில் இன்னொரு தாய் அதே கோரிக்கையோடு வந்தார். “டி.சி. தர்றேன்மா, அது உங்க உரிமை. ஆனா ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்க” என்றேன். ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, என் கைப்பேசியிலிருந்தே 181ஐ அழைத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் இடைக்கால ஆணையின் நகலைக் கொண்டுவந்து தலைமையாசிரியரிடம் கொடுத்தார். அவர் வீட்டுப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்குப் போகும் நாளில் அவருக்குக் கூலி போகிறது. ஆனால் பிள்ளை நாள்தோறும் பள்ளிக்கு வருகிறது.

அந்த ஐந்தாம் வகுப்பு மாணவியின் மாற்றுச் சான்றிதழ், எழுதி முத்திரை வைத்தபடி, எங்கள் அலுவலக பீரோவில் இன்னும் இருக்கிறது. எந்த ஊரில் எந்தப் பள்ளியில் அவள் சேர்ந்தாள், சேர்ந்தாளா என்பதுகூட எனக்குத் தெரியாது. அன்று அவள் தாய்க்கு ஐந்து நிமிடம் பேசும் அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தால் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கான செய்தி இனி உங்கள் கையில் இருக்கட்டும் என்றே இதை எழுதினேன்.